மாமனார் கழுவிய கார்டு

“கேமரா வாங்குற பேச்சுல எங்க அப்பாவை எதுக்கு இழுக்கிறீங்க?”

“நான் இழுக்கல. அவர் இருக்கார், அதைச் சொன்னேன்.”

“எனக்குக் குளியலறை வேணும். கல்யாணமான நாள்ல இருந்து சிவப்பு விளக்குலதான் பல் தேய்க்கிறேன். எது பற்பசை, எது உங்க ஷேவிங் கிரீம்னு இன்னும் தெரியல.”

“மெதுவாப் பேசு. படிக்கட்டு வரைக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும். கீழ்வீட்டு அக்கா பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க இன்னும் வரலியேன்னுதான் பாக்குறேன்.”

உண்மையில் நான் அப்போது பாத்திரத்தோடு அவர்கள் கதவருகேதான் நின்றிருந்தேன். மணியை அழுத்தாமல் நின்றது மரியாதைக்காக. பிறர் பேச்சின் நடுவில் புகுவது எனக்கு ஆகாது. முடியும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மேல்வீட்டில் மூன்று பேர். புகைப்படக்காரரை எங்கள் தெருவில் ‘அசையாதீங்க’ என்றுதான் சொல்வோம். படம் எடுக்கும்போது அவர் வாயில் வருகிற ஒரே சொல் அது. ஒரு படத்துக்கு ஒரு முறைதான் பித்தானை அழுத்துவார். ஃபிலிம் என்ன தண்ணீரா, திறந்துவிட என்பார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்றாமவர் டீச்சரின் அப்பா. மகள் வீட்டிலேயே இருப்பதால் தெருவே அவரை ‘மாமனார்’ என்று கூப்பிட்டது. சின்னக் குழந்தைகள்கூட “மாமனாரே, பந்து உங்க பால்கனியில விழுந்துடுச்சு” என்று கத்தும்.

மாமனார் சும்மா இருக்கவில்லை. மருமகன் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களையெல்லாம் குளியலறையில் கழுவிக் கொடுத்தது அவர்தான். ஜன்னலில் கறுப்புத் துணி, தலைக்கு மேலே சிவப்பு பல்பு, தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகத் தட்டுகள். கழுவி, அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். மருந்து பட்டுப் பட்டு அவர் நகங்கள் பழுப்பேறிக் கிடந்தன. அவர் உள்ளே போய்த் தாழிட்டால் டீச்சர் குளிக்க என் வீட்டுக்குத்தான் துண்டோடு இறங்கி வருவாள். அந்த வகையில் மேல்வீட்டுச் செய்திகள் எனக்கு ஈரத் தலையோடு சூடாகக் கிடைத்துவந்தன.

காலம் மாறிவிட்டது. அலுவலகங்கள் கலரில் வேண்டும், மெயிலில் வேண்டும் என்றன. அசையாதீங்க டிஜிட்டல் கேமரா வாங்கியே ஆக வேண்டும் என்றாயிற்று. ஃபிலிம் வாங்கிப் பழகிய கடைக்காரர் இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்து, “வீட்டுல வச்சு எடுத்துப் பாருங்க, பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் குடுங்க” என்றார். ஒன்று அவருடைய பழைய லென்ஸ்கள் அத்தனையும் சேரக்கூடியது. அதன் கார்டு நகக்கண் அளவுதான். மற்றொன்றில் மெகாபிக்சல் அதிகம், ஆனால் பழைய லென்ஸ் எதுவும் சேராது. அதன் கார்டு பிஸ்கட் போலத் தடி. கணக்கு டீச்சர் பெரிய எண்ணின் பக்கம். அசையாதீங்க லென்ஸ்களின் பக்கம். அந்த லென்ஸ்களை அவர் துடைக்கிற அழகைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல இருக்கும்.

ஆனால் சண்டை எந்தக் கேமரா என்பதைப் பற்றியது அல்ல. எந்தக் கேமரா வந்தாலும் குளியலறை காலியாகும். அப்புறம் மாமனாருக்கு என்ன வேலை? அதைத்தான் அசையாதீங்க கேட்டார். தன் அப்பாவைச் சாக்காக வைத்து, வாங்குவதையே தள்ளிப்போட்டு, அவர் பழைய கேமராவையும் லென்ஸ்களையும் காப்பாற்றப் பார்க்கிறார் என்று டீச்சர் நினைத்தாள்.

இந்தப் பேச்சு கேட்கக் கூடாதவர் காதிலும் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் படிக்கட்டில் மாமனாரைப் பார்த்தேன்.

“பையன்கிட்ட போன்ல பேசிட்டேம்மா. கேமரா வாங்குனதும் அங்க போயிடலாம்னு இருக்கேன்.”

“மகன் என்ன சொன்னார்?”

“வாங்கன்னுதான் சொன்னான். வராதீங்கங்கிற மாதிரி சொன்னான்.”

“அப்புறம் எதுக்கு மாமா போகணும்? மகள் வீடுதானே.”

“விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தாம்மா. வேலை இருந்துச்சு, இருந்தேன். வேலை போயிட்டா நான் விருந்தாளி.”

மறுநாள் காலை என் தங்கை மகளை மேலே அழைத்துப் போனேன். என்னோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள்; விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அசையாதீங்க அவளை ஜன்னலோரம் நிற்கவைத்து, இரண்டு கேமராவிலும் ஒவ்வொன்று எடுத்தார். அழுத்தியதும் அவர் கட்டைவிரல் ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோலைத் தேடி, இல்லாத இடத்தில் காற்றைத் தள்ளியது.

“பின்னாடி பாருங்க, படம் தெரியுது” என்றாள் டீச்சர்.

அவர் சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடினார். “வெளிச்சம் பட்டுடும்.”

டீச்சர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த விடைத்தாள் கட்டு சரிந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. வெளிச்சம் படக்கூடாது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசித்திருப்பார்.

டீச்சர் பள்ளிக்கூடம் போனாள். அசையாதீங்க கார்டுகளைக் கழற்றி, எப்போதும் ஃபிலிம் சுருள் வைக்கிற மேசை மூலையிலேயே வைத்தார். ஒரு பள்ளிக்கூடக் குழுப்படத்துக்கு நேரமாகிவிட்டது. பழைய கேமராவைத் தோளில் மாட்டிச் செருப்புக்குள் காலை நுழைக்கும்போதே, வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததை அவர் வாய் தானாகச் சொன்னது:

“மாமா, கழுவிடுங்க.”

மத்தியானம் மாமனார் என்னை மேலே கூப்பிட்டார். முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு.

“வாம்மா, வந்து பாரு. வேலை இன்னும் இருக்கு. புது ஃபிலிம் வேற மாதிரி, அவ்வளவுதான்.”

குளியலறையில் சிவப்பு விளக்கு. கொடியில், ஒரு கிளிப்பில் தடிக் கார்டும் இன்னொரு கிளிப்பில் சின்னக் கார்டும் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன.

“மருந்து போடலியா மாமா?”

“கெமிக்கலே தேவையில்லன்னு கடைக்காரர் சொன்னாரே. நீயும்தானே இருந்தே. அதான் வெறும் தண்ணில மூணு அலசு அலசினேன். காஞ்சதும் படம் தெரியும்.”

எனக்கு மட்டும் என்ன தெரியும்? “நல்லா பளிச்சுனு இருக்கு மாமா” என்றேன்.

டீச்சர் வந்தாள். கொடியைப் பார்த்தாள். “அப்பா, என்னப்பா பண்ணிட்டீங்க” என்று ஆரம்பித்தவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மாமனார் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். அவள் பின்னாலேயே போய் என்னென்னவோ சொன்னாள். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

மாலையில் மருமகன் வந்தார். கொடியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் பார்வையைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டேன், ஆனால் நகரவில்லை.

“நான்தான் கழுவச் சொன்னேன்” என்றார் மனைவியிடம். கார்டுகளை இறக்கித் துணியில் ஒற்றி, விசிறிக்குக் கீழே வைத்தார். “மாமா, காய்ற வரைக்குமாவது இருங்க. கழுவுனவரே முடிவைப் பாக்காமப் போனா எப்படி?”

மறுநாள் காலை நான் ஏதோ கேட்க மேலே போயிருந்தேன். என்ன கேட்கப் போனேன் என்பது இப்போது நினைவில்லை. அசையாதீங்க முதலில் சின்னக் கார்டை அதன் கேமராவில் போட்டார். கேமரா அதை ஏற்கவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டும் அப்படியே. மாமனார் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தடிக் கார்டு. திரை ஒரு கணம் கறுத்துக் கிடந்தது. அப்புறம் என் தங்கை மகள், ஜன்னல் வெளிச்சத்தில், காதோர முடி உட்பட அப்படியே வந்து நின்றாள்.

அசையாதீங்க இந்த முறை திரையை மூடவில்லை. மாமனார் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இதையே வாங்கிக்கலாம்.”

டீச்சர் நிமிர்ந்தாள். “உங்க லென்ஸ் ஒண்ணும் இதுல சேராதே.”

“சேராட்டி போகுது. மூணு அலசு அலசியும் படத்தை விடல பாரு. மழைல நிப்பேன், பைக்குள்ள தண்ணி கொட்டும். இதையெல்லாம் கடைக்காரர் சொன்னாரா? மாமா சோதிச்சுச் சொல்லிட்டார்.”

“நான் எங்க மாப்பிள்ளை சோதிச்சேன், முட்டாள்தனம்ல பண்ணேன்” என்றார் மாமனார்.

“என் லென்ஸை எல்லாம் ஒரு தட்டுல வச்சு உங்களை ஒரு தட்டுல வச்சா எனக்கு எது பெருசு மாமா? ஒத்தைக் கேமராவைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன். இவனுக்கா பொண்ணுன்னு சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கல. ‘படத்தை எல்லாம் யாரு கழுவுறா’ன்னு கேட்டீங்க. ஆள் இல்லன்னேன். ‘அப்ப நான் கழுவுறேன்’னு சொன்னீங்க. உங்க நகம் பழுப்பேறித்தான் இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. நீங்க இங்க விருந்தாளியா, நான் விருந்தாளியா?”

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். நான் சொல்ல நினைத்த நல்ல வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

“பெட்டியை மேல வைங்கப்பா” என்றாள் டீச்சர். “நடுவுல கிடக்குது, கூட்ட முடியல.”

சின்னக் கார்டுக் கேமராவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள், புதுக் கார்டு வாங்கிப் போட்டு. குளியலறை டீச்சருக்குக் கிடைத்தது. என் வீட்டுக்கு ஈரத் தலையோடு வந்த செய்திகள் நின்றுபோயின. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் வேறொன்று நடந்தது. ஒரு படத்துக்கு ஒரு முறை அழுத்தியவர், தடிக் கார்டு நிறைகிறவரை அழுத்தத் தொடங்கினார். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் மூட்டை மூட்டையாகப் படம். நல்லதையும் கெட்டதையும் பிரிக்க அவருக்குப் பொறுமை இல்லை, எல்லாமே அவர் பெற்றதாயிற்றே. கணினி வாங்கினார்கள். மாமனார் அதன் முன் உட்கார்ந்தார். கண் மூடியதை, தலை வெட்டுப்பட்டதை, சித்தப்பா கொட்டாவி விட்டதை எல்லாம் தயவில்லாமல் நீக்கினார். அந்த வீட்டில் அதற்கும் ‘கழுவுவது’ என்றே பேர். “மாமா கழுவிட்டாரா?” என்று வாடிக்கையாளர்களே கேட்க ஆரம்பித்தார்கள். மருமகன் ஒரு படத்துக்காகக் கெஞ்சுவார்: “இது இருக்கட்டும் மாமா, வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு.” மாமனார் அசையமாட்டார். “வெளிச்சம் நல்லா இருக்கு மாப்பிள்ளை. பொண்ணு முகம்தான் இல்ல.”

என் தங்கை மகளுக்கு வேலை கிடைத்தது. அதே அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற ஒருவரை அவளே பார்த்துக் கல்யாணமும் முடித்துக்கொண்டாள். படம் எடுத்தது அசையாதீங்கதான். ஆல்பம் வந்தபோது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். நான் ஒன்றில்தான் இருந்தேன், அதுவும் முதுகு. “மத்த எல்லாத்துலயும் வாய் திறந்திருந்துச்சும்மா, கழுவிட்டேன்” என்றார் மாமனார்.

புதுமணத் தம்பதி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். மாமனாரின் மகன் அந்த வருஷக் கடைசியிலேயே வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து மேல்வீட்டுக்காரர்களும் டீச்சரின் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிபோனார்கள். சாமான் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார், கணினித் திரையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி.