கொடியில் துணி இல்லாத வீடு

அலுவலகத்தில் அவளுக்குக் கொடியக்கா என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆளில்லா விமானம் அனுப்பிய படத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துவிட்டு, "கொடியில கவுன் காயுது சார். சின்னப் பொண்ணு இருக்கு. இந்த வீடு வேணாம்" என்றாள். அதுவரை யாருக்கும் அது தோன்றியதில்லை. அதன்பின் அதுவே அந்தப் பிரிவின் வேலைமுறை ஆகிவிட்டது. குண்டு போடுமுன் கொடியைப் பார்ப்பார்கள். துணி காய்ந்தால் உள்ளே குடும்பம் இருக்கிறது, காயாவிட்டால் இல்லை.

"உங்க வீட்டுல துணி காயப்போடறது யாருக்கா?" என்று கேமராவை இயக்கும் பக்கத்து மேஜைக்காரன் சீண்டுவான்.

"உங்க மாமாதான். அதான் எல்லாம் கசங்கிக் கிடக்கு" என்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் போன மாதத்தோடு போயிற்று. காலிக் கொடியைப் பார்த்து "குடும்பம் இல்லை" என்று அவள் சொன்ன வீட்டிலிருந்து, மறுநாள் போர்வையில் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளை எடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் எடுத்த வீடியோவில், இடியாமல் நின்ற ஓர் அறையைப் பார்த்தாள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பறக்கும் சனியனின் கண்ணில் எதுவும் படக்கூடாது என்று பயந்து, அந்தப் பக்கத்து ஜனங்கள் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்த ஆரம்பித்திருந்தார்கள். எது அவர்களைக் காப்பாற்றியிருக்குமோ, அதையே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொன்னோம்?

அலுவலகம் பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்று அறிக்கை விட்டது. வீடியோவைப் பற்றிக் கேட்டதற்கு, "அவங்க எடுத்த படத்தை நம்பறியா?" என்றார் பிரிவின் மேலதிகாரியான சார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் கனன்றுகொண்டே இருந்தது. பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

இன்றைக்கு மறுபடி ஒரு காலிக் கொடி. பேருந்து நிலையத்தில் குண்டு வைத்தவன் இந்த வீட்டுக்குள் நுழைந்ததை எல்லோரும் திரையில் பார்த்தார்கள். அவன் நல்லவன் என்று அவளும் சொல்லமாட்டாள். அந்தக் குண்டில்தான் சாரின் அக்கா மகன் போனான். கல்லூரிக்குப் போகப் பேருந்துக்கு நின்ற பையன். அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரை போன மனிதர் சார். அதன்பிறகு இந்த அறைதான் அவருக்கு வீடு.

"கொடி காலி சார்" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

"அப்போ பொதுமக்கள் பூஜ்யம்" என்று சார் போனில் கைவைத்தார்.

"சார், இருங்க" என்று எழுந்துவிட்டாள். "கொடியை விடுங்க. சாக்கடைப் பக்கம் பாருங்க. காலையில இருந்து சோப்புத் தண்ணி ஓடுது. அவ்வளவு துவைச்சிருக்காங்க, ஒண்ணு கூட வெளிய காயலை. எல்லாம் உள்ளதான் தொங்குது. முற்றத்துக்கு மேல கட்டியிருக்கற தார்ப்பாய் ஓரமாப் பாருங்க, குட்டைக் குட்டையா மூணு நிழல். பெரியவங்க நிழலா அது?"

பக்கத்து மேஜைக்காரன் படத்தைப் பெரிதாக்கினான். தார்ப்பாய் விளிம்பில் மூன்று நிழல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"எத்தனை பேர்னு சொல்லு" என்றார் சார்.

"அவ்வளவு துணிக்கு, அவனை விட்டுட்டு ஆறு பேராவது இருக்கும். அதுல மூணு பிள்ளைங்க."

சொல்லிவிட்டாள். போன மாதம் சொல்லத் தவறியதை இன்று சொல்லிவிட்டாள். இனி எந்த மனிதனும் அந்த வீட்டில் கைவைக்கமாட்டான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. ஒரு முழு மூச்சு விட்டாள்.

"ஆறுதானா?" என்றார் சார். "நீ எழுந்த வேகத்துக்கு நான் பயந்தே போயிட்டேன். இவன் பெரிய ஆள். இவனுக்காகப் பொதுஜனம் பத்து பேர் வரைக்கும் போகலாம்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. நல்லவேளை சொன்னே, அறிக்கையில ஆறுன்னே போட்டுடலாம். இந்தத் தடவை நம்மளைப் பொய்யன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அந்த ஆறு பேரைக் காப்பாற்றப் போய், அவர்கள் சாவுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே!

"பத்தா? யார் சார் பத்துன்னு சொன்னது? அந்தத் தெருவுல குடியிருக்கறவங்களா?"

"உட்காரு. இவன் இன்னிக்குத் தப்பிச்சா நாளைக்கு எந்த பஸ் ஸ்டாண்டோ? அங்க சாகறவங்களை யாரு எண்றது?"

"அவன் வெளிய வரட்டும் சார், ரோட்டுல வெச்சுப் பிடிங்க. காத்திருக்கலாம்ல?"

"இவனுக்காகப் போன தடவை காத்திருந்தோம். கோட்டை விட்டோம். அப்புறம்தான் பஸ் ஸ்டாண்ட்."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததனாலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு அவனும் இப்படித்தானே சார் கணக்குப் போட்டிருப்பான்? இத்தனை பேர் வரைக்கும் போகலாம்னு? உங்க அக்கா பையன் அவனோட பத்துல ஒருத்தனாப் போயிட்டான். அவ்வளவுதானே?"

பக்கத்து மேஜைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சார் அடித்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த ஒரு கணம், இவர் போனை வைத்துவிடுவார் என்று அவள் முழுமனதாக நம்பினாள்.

"போட்டுடுங்க" என்றார் போனில். குரலில் ஒரு பிசிறு இல்லை.

திரை முழுக்க வெள்ளையாகிப் பிறகு புழுதியானது. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவளை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். வாசலில் நின்ற காவலர் வந்து தோளைத் தொட்டார்.

அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கண்ணே. ஆறுன்னு நான்தான் சொன்னேன். ஆறு பேரையும் தூக்கற வரைக்கும் பார்த்துட்டுத்தான் எழுந்திரிப்பேன். சார், நீங்களும் திரும்புங்க. திரும்பிப் பாருங்க சார்."