வயலில் எடுத்த பட்டப் படம்

எலோதியா குனிந்த முதுகை நிமிர்த்தாமலே ஸ்ட்ராபெரிகளைக் கிள்ளிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு விட்டதும் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வயலோரம் மகள் நயேலி கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக நின்றிருந்தாள்.

ஸ்ட்ராபெரி விளையும் இந்த சலீனாஸ் பக்கம் கல்லூரி முடிக்கிற பிள்ளைகள் இப்படித்தான், பெற்றவர்கள் பாடுபடும் வயலுக்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நயேலி தட்டிக்கழித்துப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

நயேலி படிப்பை முடிக்கவில்லை. நர்ஸ் படிப்பில் உடற்கூறியல் பாடம் பாக்கி. இரண்டு முறை வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. இந்த முறை வாத்தியார் இல்லையென்று வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். "ஒரு பாடந்தானே பாக்கி, பட்டமளிப்பு மேடையேறிட்டுப் போம்மா," என்றார்கள் அலுவலகத்தில். ஏறினாள். கூட்டத்திலிருந்து அம்மா விசிலடித்ததைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"அக்கா, நீங்க போட்டுக்கங்க! பாதிப் பட்டம் உங்களுதுதான்," என்றாள் பக்கத்து வரிசையில் பழம் பறிக்கும் சொகோரோ, கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி.

"போடி, சேறு ஒட்டும்."

நயேலியே அங்கியைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டாள்.

"நிமிந்து நில்லுங்கக்கா. பழம் தேடுறீங்களா?"

"இதுக்கு மேல நிமிராதுடி." எலோதியா சிரித்தபடி கல்லூரி வைத்த சாலையோர விளம்பரப் பலகையைக் காட்டினாள். 'நம் மக்களின் கல்லூரி' என்று ஸ்பானிஷில் எழுதி, நயேலியின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். "அதையும் சேத்து எடு. அவ மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் பறிச்சேன்."

"அம்மா, ஒண்ணு சொல்லணும்..."

"நான் மொதல்ல சொல்லிடறேன். காலைலயே மேஸ்திரிகிட்ட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். திங்கள்லேர்ந்து வரமாட்டேன். நர்ஸோட அம்மா எதுக்குடி குனியணும்?" கையுறைகளை உருவி வண்டிமேல் போட்டாள். "சொகோரோ, வண்டி ஒனக்கு. எடப்பக்கம் இழுக்கும், பாத்துக்க."

வயலுக்குள் மேஸ்திரி ஒரு புதுப் பெண்ணுக்கு எலோதியாவின் வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தான். நயேலி அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி முழிக்கிற?" என்றாள் சொகோரோ. "போர்டுல சிரிக்கிற மாதிரி சிரி."

நயேலி சிரித்தாள். பக்கத்தில் எலோதியா, அங்கிக்குள் பாதி குனிந்தபடியே நின்றாள்.