ஒன்பதாம் எண்ணில் ஒகோலா

கிசுமு நகரக் குடிநீர் நிலையத்தின் தொலைபேசியில் ஒன்பதை அழுத்தினால் ஒகோலா பேசுவான். பம்பை எப்படி ஓட்டுவது என்று ஆதியோடந்தமாகச் சொல்லுவான். ஈரக்கையோடு நிற்கிறவன் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவான்? அதனால்தான் பம்பு ஓட்டிக்கொண்டிருந்த அவனையே நிர்வாகம் பேசவைத்துப் பதிவு செய்திருந்தது. "மொதல்ல வெளிவால்வைத் தெறந்து வைங்கப்பா" என்று தொடங்குவான். நடுவில் ஒருமுறை இருமுவான். "ஒழுங்காக் கேட்டுக்கோங்க, இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்" என்று முடிப்பான்.

செத்து மூன்று வருடமாகியும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான், பாவி.

அவன் மனைவி அதோயோவுக்கு அதே நிலையத்தில் தொலைபேசி மேசை வேலை. அந்தப் பேச்சு அவள் கைபேசியிலும் இருந்தது. அதைக் கேட்கமாட்டாள். அது செத்தவன் குரல். ஒன்பதில் இருப்பவனோ இன்னும் வேலைக்குப் போகிறான், ஆட்கள் அவன் சொல்படி நடக்கிறார்கள். அந்தத் தெம்பில்தான் அவளும் தினமும் எழுந்து வேலைக்கு வந்தாள்.

ஏரிக்கரைப் பம்பு அறையில் புது இயந்திரம் இறங்கியது. வெளிவால்வை மூடிவிட்டுத்தான் இதைக் கிளப்ப வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும் என்று மாட்டியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பழைய பதிவைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. அதோயோவுக்கு மட்டும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மோட்டார் கருகினால் எல்லோரும் ஒகோலாவையல்லவா திட்டுவார்கள்.

மேலாளர் வஃபூலாவிடம் போய் நின்றாள்.

"சார், ஒன்பதுல அவரு வால்வைத் தெறக்கச் சொல்றாரு. மாத்தணும்."

வஃபூலா நெற்றியைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. அந்த ஒரு எடத்தை மட்டும் வெட்டி ஒட்டச் சொல்லட்டுமா? மிச்சமெல்லாம் அவன் குரலாவே இருக்கும்."

"வேணாம் சார். அவரு சொல்லாததை அவரு வாயில வைக்க வேணாம்."

"அப்ப நீங்களே பேசிடுங்க."

பேசினாள். தப்பில்லாமல், இருமாமல். அவனுடைய கடைசி வரியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பழைய பதிவை அன்றைக்கே அழித்துவிட்டார்கள்.

மறுநாள் மேசைத் தொலைபேசி அடித்தது. ஏரிக்கரைப் பம்பு அறையிலிருந்து ஒலூ. ஒகோலாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன்.

"ஒன்பதுல உங்க குரல் வருதே அண்ணி."

"ஆமா தம்பி."

"அப்ப அண்ணன்?"

"அண்ணன் நேத்துப் போயிட்டாருப்பா" என்றாள் அதோயோ. அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.