எதிர்ப்பக்கத்துக்குப் போகும் தூரம்

மீன்கொத்திக் கம்பெனி தன்னுடைய புதிய மின்சாரக் கார் ஒரே சார்ஜில் ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடும் என்று அறிவித்த அன்று, பெரிய சாலையின் அகலம் மூன்றடி கூடியது. நகராட்சி வரைபடத்தில் அதன் அகலம் நாற்பதடி. மதியம் அளந்தபோது நாற்பத்து மூன்று இருந்தது. கூடுதலான மூன்றடியும் சாலையின் நடுவில் புதுத் தாராக, வெள்ளைக் கோடு போட்டு முடித்த நிலையில், தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. அந்த வாரம் டயர் விலை நூற்றுக்கு நான்கு ஏறியிருந்ததால் ஜனங்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாலையின் மேற்கே ஆந்தைக் கம்பெனியின் ஷோரூம், கிழக்கே மீன்கொத்தியின் ஷோரூம். காரின் மூக்கில் பொறித்த சின்னத்தை வைத்து ஊர் இட்ட பெயர்கள் இவை. முழுப் பெயரைச் சொன்னால் விற்பனையாளர்களுக்கே நாக்குச் சுளுக்கும். ஆந்தை நூறு வருடத்துப் பெட்ரோல் கம்பெனி. தோல் இருக்கையின் வாசனையும் தரையில் விழுந்து தெறிக்கும் எஞ்சின் உறுமலும்தான் அதன் மூலதனம். மீன்கொத்தி வந்து ஏழு வருடம்தான் ஆகிறது, மின்சாரம் தவிர வேறொன்றும் அறியாதது. ஆந்தையில் பதினான்கு வருடமாக விற்பனை மேலாளராக இருந்தவனின் மனைவியும் முதலில் அங்கேயேதான் வேலை பார்த்தாள். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டுவது அவள் வேலை. மின்சாரக் காரை மேலாளர் "பொம்மை வண்டி" என்று கேலி செய்த மாதத்தில் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிர் ஷோரூமில் சேர்ந்தாள். சண்டையெல்லாம் இல்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு அவள் இந்தப் பக்கம் வருவாள். இருவரும் அவன் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாருடைய கார் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை என்று ஒப்பந்தம்.

அப்பன், மகன் என்று வழிவழியாக ஆந்தை வாங்கிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் போகத் தொடங்கியதும் ஆந்தையும் மின்சாரத்துக்கு மாறியது. முதல் அறிவிப்பே ஐந்நூற்று நாற்பது. சாலை ஐம்பதடியானது. மீன்கொத்தி ஐந்நூற்று எழுபது என்றது, அறுபத்தைந்தடி. அடுத்த இரண்டு வருடத்தில் இரு கம்பெனியும் மாற்றி மாற்றிப் பதினேழு அறிவிப்புகள் செய்தன. ஒவ்வொரு அறிவிப்புக்கும் சாலை முந்தைய தடவையைவிடத் தாராளமாக இடம் கொடுத்தது. பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு இருபது வினாடியிலிருந்து நாற்பது நிமிடமாக நீட்டப்பட்டது, பிறகு நான்கு மணி நேரமாக. சாலையின் நடுவில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், அப்புறம் இரண்டு சார்ஜ் நிலையங்கள். சுற்று வழியில் போனவர்களும் எங்காவது ஓரிடத்தில் அதே சாலையைக் கடக்கத்தான் வேண்டியிருந்தது. ஒருமணிச் சாப்பாடு முதலில் வார விடுமுறைக்குச் சுருங்கி, பிறகு செல்போன் திரையில் முகம் பார்த்துச் சாப்பிடுவதாக மாறியது. மீன்கொத்தி அவளுக்கு ஷோரூம் மாடியிலேயே ஓர் அறை கொடுத்தது. அவள் வீட்டுக்கு வருவது மாதம் ஒரு தடவை என்றானது.

ஷோரூம்காரர்களுக்கு இதில் நஷ்டமில்லை. "எதிர்ப்பக்கம் போய்ட்டு நிம்மதியா வரணும்னா இந்த வண்டிதான் சார் சரி" என்று இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி விற்றார்கள். சாலை அகலமாக அகலமாக விற்பனையும் ஏறியது.

மேலாளரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நகராட்சியில் நில அளவையாளன். பார்க்கிற மேசை, ஜன்னல், எதிரில் உட்கார்ந்தவரின் தோள் என எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் இருந்ததால் சிறு வயதிலிருந்தே அவனுக்கு டேப்பு என்று பெயர். கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மாதம் இரண்டு தடவை சாலையைக் கடந்து அகலத்தைக் குறித்துக்கொண்டான். ரயில் நிலையத்துக்கும் மேற்கு ஷோரூமுக்கும் இடையே உள்ள தூரம் மாறவில்லை; கிழக்கு ஷோரூமுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள தூரமும் மாறவில்லை; நடுவில் மட்டும்தான் வளர்கிறது என்று அறிக்கை எழுதினான். வரைபடத்தில் நாற்பதடி என்று இருப்பதால் சாலை நாற்பதடிதான் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அறிவிப்பு நாட்களையும் அகலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் மேலாளரிடம் வந்தான்.

"மாமா, நீங்க நம்பர் சொல்லச் சொல்லத்தான் ரோடு வளருது."

"நான் மட்டுமாடா சொல்றேன்? உங்கக்கா கம்பெனி சொல்லலையா?"

"ரெண்டு பேருந்தான். இதுவரைக்கும் சொன்னதுல கொஞ்சமாவது நெசம் இருந்துச்சு, அதான் அடிக்கணக்குல போச்சு. முழுப் பொய் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல மாமா."

மேலாளர் சிரித்து, "போய்ச் சாப்பிடு மச்சான்" என்றான். ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வசந்தத்தில் இரு கம்பெனியும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தங்களுடைய உச்ச ரகக் காரை வெளியிடுவதென்று முடிவானது. ஆந்தையின் சோதனைக்கூடத்தில் அந்தக் கார் அறுநூற்று நாற்பது கிலோமீட்டரில் நின்றுபோனது. மீன்கொத்தியின் காரும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது. புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும் என்பார்கள். மேடையில் படிக்கும்படி ஆந்தைத் தலைமையகம் மேலாளரிடம் அனுப்பிய அட்டையில் ஆயிரம் என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்க மேடையில் படிக்க அவன் மனைவியிடம் கொடுத்த அட்டையில் ஆயிரத்து இருபது.

சாலை அப்போது இருபத்தாறு கிலோமீட்டர் அகலம். வெளியீட்டுக்கு முந்தின நாள் மதியமே டேப்பு சக்கரத்தோடு மேற்கிலிருந்து கிளம்பிவிட்டான். இரவு நடுச்சாலைத் தண்ணீர்ப் பந்தலில் தங்கி, காலையில் மறுபடி நடக்கத் தொடங்கியவன், பத்து மணிக்கு மேலாளருக்குப் போன் செய்தான். மேலாளர் அப்போது மேடைக்குப் பின்னால் கண்ணாடி முன்நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"மாமா, பத்தொன்பது கிலோமீட்டர் வந்துட்டேன். இன்னும் ஏழுதான். சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் ஏறிடறேன், அப்புறம் என்ன வேணா படிங்க."

"உங்கக்காவுக்குத் தெரியுமா நீ ரோட்டுல இருக்கறது?"

"சொல்லல. பயந்துடுவா. நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."

மேலாளர் சரி என்றான். சரி என்று சொன்னதை அவன் பிற்பாடு ஒருபோதும் மறுக்கவில்லை. தலைமையகத்து ஆட்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தான் படிக்காவிட்டால் இன்னொருவன் படிப்பான், எண் மாறாது, வேலைதான் போகும் என்று நினைத்தான். ஆயிரம் என்ற சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது அது இனித்தது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறான். பதினொரு மணிக்கு மேடையேறி அட்டையைப் படித்தான். கைதட்டல் அடங்கிய பிறகு கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தவர்களுக்கு, அதுவரை தூரத்தில் புள்ளியாக மினுங்கிய எதிர் ஷோரூம் தெரியவில்லை. தார் மட்டும் தெரிந்தது, அதற்கப்பால் வானம்.

சற்று நேரத்தில் அவன் மனைவி போனில் வந்தாள், சிரித்துக்கொண்டே.

"என்ன, எங்க நம்பரைக் கேட்டீங்களா? இருபது கூட."

"உன் தம்பி ரோட்டுல இருக்கான்."

"எந்த ரோட்டுல?"

"நம்ம ரோட்டுலதான். நடுவுல. அளந்துக்கிட்டிருந்தான்."

அவள் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வாத்திய இசை அவள் வேறு அறைக்குப் போனதும் நின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"மேடையில ஏறுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் போனை வைத்துவிட்டாள். அரைமணி கழித்து டேப்புவின் அழைப்பு வந்தது. "படிச்சிட்டீங்க போல மாமா" என்றான். குரலில் கோபமில்லை. அதுதான் மேலாளருக்குத் தாங்கவில்லை. "இப்பத்தான் ஷோரூம் கண்ணாடி மினுங்கிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியல. தார் மட்டும் கொதிக்குது. நின்னா கணக்கு விட்டுப்போயிடும், நான் அளந்துட்டே போறேன்." அதோடு அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

சாலை ஆயிரத்து நூறு கிலோமீட்டர் அகலமாகியிருந்தது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அன்று சாயங்காலமே மேலாளர் மேடையில் நின்ற காரையே எடுத்துக்கொண்டு மேற்கிலிருந்து புறப்பட்டான். அவன் மனைவி கிழக்கிலிருந்து புறப்பட்டாள். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கார்கள் உண்மையில் எவ்வளவு ஓடும் என்பது இருவருக்கும் தெரியும்: நடுவரைக்கும் போக முடியும், திரும்ப முடியாது. நடுச்சாலையில் இருந்த சார்ஜ் நிலையங்கள் எந்தக் கம்பியோடும் சேராமல் சும்மா நின்றன. வழியில் மேலாளர் ஒரு பால் வண்டியையும், தோளில் குழந்தையோடு நடந்துகொண்டிருந்த ஒரு தபால்காரரையும், யாருமில்லாமல் கதவு திறந்து கிடந்த மூன்று மீன்கொத்திக் கார்களையும் கடந்தான். தபால்காரரையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டான். மறுநாள் முற்பகலில் தூரத்தில் ஒரு கார் நிற்பதும், அதனருகே ஒருத்தி குனிந்திருப்பதும் தெரிந்தது. அவன் மனைவி அளவுச் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். சக்கரம் யாரும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றது. அவள் கை அதன் பிடியின்மேல் இருந்தது.

"இப்பத்தான் விட்டுட்டுப் போன மாதிரி சூடா இருக்கு" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான்கு திசையிலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று நாள் தேடினார்கள். பிடி ஆறவே இல்லை. பிடி சூடாக இருக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று அவள் சொன்னதும் மேலாளரும் தங்கினான். அன்றைக்குச் சாலையில் அகப்பட்டவர்கள், டேப்புவைத் தவிர, மொத்தம் நாற்பத்தொரு பேர், ஒவ்வொருவராக நடந்து அங்கேயே வந்து சேர்ந்தார்கள். இரு கம்பெனியும் ஆளில்லா வண்டிகளில் உணவும் தண்ணீரும் அனுப்பின. அவையும் அங்கே வந்து நின்றுவிடும், திரும்பாது. அந்த வண்டிகளே வீடுகளாயின. உலகத்திலேயே விலை உயர்ந்த தோல் இருக்கைகள் அந்தக் குடியிருப்பில் கட்டில்களாகக் கிடக்கின்றன. ஆந்தையின் விளம்பரத்திலும் மீன்கொத்தியின் விளம்பரத்திலும் அதற்கு "நடுவழி ஓய்வகம்" என்று பெயர். பார்த்துவிட்டு வருவதற்காகக் கார் வாங்கியவர்களும் உண்டு. வந்தவர்களும் திரும்ப முடியாமல் தங்கிவிட, குடியிருப்பின் மக்கள்தொகை இப்போது அறுநூற்றைத் தாண்டிவிட்டது.

பந்தயம் நிற்கவில்லை. இப்போது இரு கம்பெனியும் வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு ஓர் எண்ணை அறிவிக்கின்றன. புதிதாக வளரும் தூரம் எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடியிருப்பின் மூன்றாவது வியாழக்கிழமை அது ஓர் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் விழுந்தது. தொட்டியருகே போயிருந்த பால் வண்டிக்காரர் அடுப்படிக்குத் திரும்ப இரண்டு நாள் நடந்தார். பிறகொரு தடவை ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் தங்கைக்கு நடுவில் விழுந்தது. அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. தொட்டுக்கொண்டிருப்பவர்களை அது பிரிப்பதில்லை என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அதனால் வியாழன்தோறும் பத்தே முக்காலுக்கு அடுப்புகளை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். குழந்தைகளுக்கு நடப்பதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

மேலாளரின் மனைவி அவனோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை, அவனும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு வண்டிகளில் தனித்தனியாக வசிக்கிறார்கள். வியாழக்கிழமை அவள் வந்து அவன் பக்கத்தில் நின்று கையை நீட்டுகிறாள். பதினொரு மணிக்குக் காலடியில் தார் ஒருமுறை விம்மி, எங்கோ இழுபட்டு, அடங்குகிறது. இரண்டு பேரும் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவள் கையை விடுவித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாள்.