குதிரைக் காலணா

"முடிச்சக் கொண்டு வந்தீகளா?" என்று பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

மாரிசாமி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். விருதுநகர் மருத்துவமனையில், மகள் ஹர்ஷினியை அப்போதுதான் அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மாதம் நிறையவில்லை, குழந்தையை உடனே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். முன்பே இருமுறை கலைந்த வயிறு. இம்முறை கரு தங்கியதுமே பேச்சியம்மாள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து, ஒரு காசைத் துணியில் முடிந்து பூஜை அலமாரியில் வைத்தாள். பிள்ளை பிழைத்தால் அந்தக் காசு அம்மன் உண்டியலைச் சேர வேண்டும். அதுவரை முடிச்சை அவிழ்க்கலாகாது.

மாரிசாமி அவிழ்த்துவிட்டார்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் அவருக்கு இருந்த பித்து ஒன்றே ஒன்றுதான். சுதந்திர இந்தியா முதன்முதலில் வெளியிட்ட சில்லறைக் காசுகளைச் சேர்த்து வந்தார். காளை பொறித்த அரையணா, ஓரணா, இரண்டணா யாவும் ஆல்பத்தில் இருந்தன. ஓடும் குதிரை பொறித்த காலணா மட்டும் அகப்படவில்லை. மதுரைக் கடைகளில் கிடைக்கும்தான். ஆனால் காசைக் காசு கொடுத்து வாங்குகிறவன் வியாபாரியே தவிரச் சேகரிப்பவன் அல்லன் என்று பேசித் திரிந்தவர் அவர். காசு தானாகக் கைக்கு வர வேண்டுமாம்.

தீபாவளிக்கு அலமாரியைத் துடைக்கையில், நைந்த மஞ்சள் துணியினூடே குதிரைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மனைவி இதைத் தம்மிடம் மறைத்துவிட்டாள் என்பதுதான் முதலில் சுட்டது. மறுகணமே நகம் முடிச்சில் பாய்ந்துவிட்டது. காலணா இருந்த இடத்தில் புதிய பத்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து முடிந்தார். அம்மனுக்கு இதில் இலாபமே என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பேச்சியம்மாள் முடிச்சை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள்.

"இது நான் போட்ட முடிச்சில்ல. உள்ள என்னத்த வச்சீக?"

"பத்து ரூவா."

"ஆத்தாளுக்கே சில்லறை மாத்திக் குடுத்தீகளாக்கும்."

"பேச்சி, அந்தக் காசு..."

"எங்கம்மா பெட்டியில கெடந்துச்சு. ஒங்க கண்ணுல பட்டா அட்டைக்குள்ள அடைச்சிருவீகன்னுதான் சொல்லல. தானா வரணும், தானா வரணும்பீகளே, இப்படித்தான் வந்துச்சா? எப்ப எடுத்தீக?"

"தீபாவளிக்கு."

அவள் விரல் மடக்கினாள். பனிக்குடத் தண்ணீர் குறைகிறது என்று ஸ்கேன் சொன்னது கார்த்திகையில். காசுக்கும் கருவுக்கும் தொடர்பில்லை என்பது மாரிசாமிக்குத் தெரியும். தெரிந்தும் அவளோடு சேர்ந்து அவரும் எண்ணினார்.

"போயி எடுத்துட்டு வாங்க."

சிவகாசிக்குப் போகும் வழியில், ஆமத்தூருக்கு அருகே பட்டாசு ஆலை வேன்கள் வரிசையாக மறித்து நின்றன. ஹாரனிலிருந்து அவர் கையை எடுக்கவேயில்லை. வீட்டில், எத்தனையோ நாள் பொத்திப் பொத்திப் புரட்டிய ஆல்பத்தின் பக்கத்தைக் கிழித்துக் காசை எடுத்தார்.

அவர் திரும்பியபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"மூச்சு விடுது. ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியுமாம்."

பேச்சியம்மாள் பத்து ரூபாய்க் காசை வெளியே எடுத்துவிட்டு, காலணாவை முந்தானையில் துடைத்து, அதே துணியில் இறுக்கி முடிந்தாள்.

"பொளச்சுக்கிரும். ரெண்டு பேருமாப் போயி ஆத்தாளுக்குச் செலுத்திருவோம்," என்றார் அவர்.

"பொளச்சா நான் போறேன். நீங்க வர வேண்டாம்." பத்து ரூபாய்க் காசை அவர் முன் நீட்டினாள். "இதப் பிடிங்க. செலவழிச்சிராதீக. இம்புட்டு நாளும் ஆத்தா பேருல இருந்திருக்கு."

"அப்ப இதையும் உண்டியல்ல..."

"நேந்தது இத இல்ல."

செவிலி மருந்துச் சீட்டோடு வந்தாள். மாரிசாமி கீழே மருந்துக் கடைக்கு ஓடினார். கடைப்பெண் அவர் தந்த நோட்டுகளை எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு பத்து ரூவா சில்லறை இருக்கா?"

மூடிய இடக்கைக்குள் அந்தக் காசு வியர்வையில் நனைந்திருந்தது.

"இல்லம்மா," என்றார் மாரிசாமி.