ஓர்சோலாவின் வாய்

…கண் முடிந்துவிட்டது, மூக்கு முடிந்துவிட்டது, கழுத்து மாலையில் ஒவ்வொரு முத்துக்கும் வெளிச்சப் புள்ளி வைத்தாயிற்று, வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது, அறுபத்திரண்டு வயதில் ஒரு வாய்க்கு இந்தப் பாடா, இந்தப் பெர்கமோ ஊரில் பாதிப் பெரிய மனிதர்களின் முகத்தை நான்தான் வரைந்திருக்கிறேன், ஒரு மருவைக்கூட மறைத்ததில்லை, இந்த ஃபெர்மோவிடம் படத்துக்கு உட்கார்ந்தால் உள்ளதுதான் வரும் என்று ஊரே சலித்துக்கொள்ளும்… எதிரே ஓர்சோலா, பதினேழு வயது, மணப்பெண் பட்டில். மாப்பிள்ளை என்று யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கன்னிமாடத்தில் முடியை வெட்டி முக்காடு போட்டுக் கன்னியாஸ்திரி ஆக்கிவிடுவார்கள், அதற்குமுன் இப்படி அலங்கரித்து ஒரு படம் வரைந்து மாட்டிக்கொள்வது இங்கே பெரிய வீடுகளின் வழக்கம். காலையில் அவள் அப்பா வித்தோரே வந்து, "சிரிச்ச முகமா இருக்கணும் ஓய், அவ அம்மா தினம் பாக்கப்போறா, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி போட்டுத் தொலைக்காதேயும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, சிரிப்புத்தானே, உதட்டின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டால் போயிற்று, தூக்கினேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். இது யார் வாய் ஐயா என்றாள். உன்னுதுதான் என்றேன். "என் வாய் எனக்குத் தெரியாதா? அம்மா ஒருத்திதான் என்னை அனுப்பாதேன்னு இன்னும் சண்டை போட்டுட்டிருக்கா. இதப் பாத்தா, பொண்ணு சந்தோஷமாத்தான் போறான்னு அவளும் விட்டுருவா." குரலை உயர்த்தவில்லை, நான் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன், யார் வாய், யார் வாய்… அடப்பாவி, லேலியாவுடையது. என் மகள். அதே கன்னிமாடத்துக்குப் போய்ப் பதினொரு வருடம், நானும் பெரிய வீட்டுக்காரன் மாதிரி பட்டு இரவல் வாங்கி அவளுக்கு உடுத்திவிட்டுப் படம் வரைந்தேனே, அதே வாய். இப்போது போய்ப் பார்த்தால் இரும்புக் கம்பிக்குப் பின்னால் முக்காடுதான் தெரிகிறது, முகமே மறந்துவிட்டது, படத்தைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் பொலெந்தாக் களி கிண்டித் தின்கிறேன், பார் எவ்வளவு சந்தோஷமாகப் போனாள் என்று மனைவியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அவள் சாகும்வரை சொன்னேனே… லேலியா அப்படிச் சிரித்தாளா, எந்த நாள், எந்த வேளையில்?

துணியில் எண்ணெய் தொட்டு அந்த வாயைத் துடைத்தெடுத்தேன். வித்தோரே கத்துவார், கத்தட்டும், இனி ஒரு பெரிய வீடும் என்னைக் கூப்பிடாது, பரவாயில்லை. உக்காரும்மா, உனக்குப் போக இஷ்டமா என்று கேட்டேன், நாற்பது வருடத்தில் எதிரே உட்கார்ந்த யாரிடமும் நான் எதையும் கேட்டதில்லை. இல்லை என்றாள், சொல்லிவிட்டு உதட்டை அழுத்திக்கொண்டாள், அதை அப்படியே வரைந்தேன், கை தடுமாறவே இல்லை. லேலியாவும் இப்படித்தான் மூன்று நாள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் நாள் மதியம், "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு…" என்று தொடங்கினாள், பேசாதே, வாய் அசையுது என்றேன். பிறகு அவள் பேசவில்லை, நானும் என்னவென்று கேட்கவில்லை.