பத்தரை மீட்டர்

மூன்றாம் முறை அளந்தபோதும் படிக்கட்டின் திருப்பம் இரண்டடி எட்டு அங்குலமாகவே இருந்தது. ராஜவேல் டேப்பை விட்டான். அது சுருண்டு உள்ளே ஓடிய சத்தத்தில், மேலே அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தினார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அப்பா ஆதிமூலம் மூன்றாவது மாடியில் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். டீ எடுத்துக்கொண்டு போன ராஜவேல்தான் முதலில் பார்த்தான். இப்போது மணி பன்னிரண்டு. நாலு மணிக்கு எடுப்பதாகத் தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது. வாசலில் பாடை கட்டி முடிந்திருந்தது. ஐஸ் பெட்டி படிக்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, தரைத்தளக் கூடத்தில் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லாமல் குளிர்ந்துகொண்டிருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி, துக்கத்துக்கு வந்தவர்கள் மாலையோடு நின்றார்கள். எத்தனை நேரம்தான் கையில் வைத்திருப்பது? ஒருவர் பெட்டிமேல் போட்டுக் கும்பிட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா தையல்நாயகி, மாலை விழும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அந்தப் படிக்கட்டை வரைந்தது ராஜவேல். முத்தியால்பேட்டையில் ஒரு இன்ஜினியரிடம் பிளான் வரைகிறவன் அவன். ஊராருக்கெல்லாம் வரைந்தவன், ஏழு வருஷத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக்கு வரைய உட்கார்ந்தபோது அப்பா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, எதிர்வீட்டு மச்சான், அம்மாவின் தம்பி அன்பழகன் கட்டியதைவிட ஒரு மாடியாவது கூட இருக்க வேண்டும். இரண்டு, சட்டத்தை மீறக் கூடாது. முப்பத்தொரு வருஷம் மில்லில் வேலை பார்த்தவர். ஒரு நாள்கூட சங்கு ஊதிய பிறகு உள்ளே போனதில்லை. அந்த மனைக்கு அனுமதித்த உயரம் பத்தரை மீட்டர். மூன்று தளம் என்றால் தாராளம். நாலு தளம் என்றால், மிச்ச உயரத்தை ஆட்களின் தலைக்கு மேலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எடுத்தான். தரைத்தளம் ஒன்பதடி, விருந்தாளிகள் பார்ப்பதால். முதல் மாடி எட்டரை. இரண்டாவது ஏழு. மூன்றாவது ஆறு, பீமுக்குக் கீழே ஐந்தரை. பிளானில் அந்தத் தளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி அறை என்று பெயர். அதைச் சட்டத்தை மீறுவதாக அப்பா நினைக்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் அறைக்கும் ஒரு பெயர் வைத்ததாகத்தான் நினைத்தார்.

கிரகப்பிரவேசம் முடிந்த அன்றே அவர் அங்கே குடியேறினார். அன்பழகன் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணியை மேலிருந்து பார்க்கலாம் என்பது ஒரு வசதி. அம்மாவுக்கு முழங்கால் வலி; அவள் மகனோடு கீழேயே தங்கிவிட்டாள். அப்பா ஐந்தடி எட்டங்குலம். ஆறு வருஷம் குனிந்து நடந்ததில் பிடரி வளைந்து அப்படியே நின்றுவிட்டது. தெருவில் இறங்கினாலும் குனிந்தபடிதான் நடந்தார். ஜனங்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். கோயில் கமிட்டிக்குத் தலைவராகக்கூடப் போட்டார்கள்.

கட்டிலைக் கழற்றி ஏற்ற வேண்டும், பீரோவைப் பலகை பலகையாக ஏற்ற வேண்டும் என்று மேலே போகிற ஒவ்வொன்றுக்கும் ராஜவேல் கணக்குப் போட்டிருந்தான். ஒரு ஆள் படுத்தபடி கீழே வருவதை யாரும் பிளானில் போடுவதில்லை.

அன்பழகன் மாமா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் படியேறி வந்தார். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் அவருக்கும் பணிவு வந்துவிட்டது. மூன்றாவது மாடி வாசலில் குனிந்து நின்றபடியே, தலை இடிக்கிற மாடி வேண்டாமென்று தான் அன்றைக்கே சொன்னதை நினைவுபடுத்தினார். அவர் வீட்டுக்குக் கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகள் மாதிரி மஞ்சள் அடித்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. ஆகையால் கட்டடக்கலை பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. ஒரு போன் போட்டால் கிரேன் வரும், பால்கனி வழியாகக் கௌரவமாக இறக்கிவிடலாம் என்றார். போன் போட்டார். கிரேன்காரன் தெருமுனை வரை வந்து, பால்கனிக்கு முன்னால் தொங்கிய கரண்டுக் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கும்பிடு போட்டுப் போய்விட்டான்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரி மண்ணாங்கட்டியும் மாலையோடு வந்திருந்தார். படிச் சுவரை உடைக்கலாமா என்று ராஜவேல் கேட்டான். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. அந்தச் சுவர்தான் படியைத் தாங்குகிறது, உடைத்தால் ஐயாவோடு சேர்ந்து எல்லாரும் ஒரே சமயத்தில் கீழே போகலாம் என்றார். பலகையில் கட்டி நிறுத்தி இறக்கலாமென்றால், பலகை பீமில் இடிக்கும்.

"பலகை இல்லாம, ஆள மட்டும் நிக்க வச்சி எறக்கலாம் தம்பி. நீ மேல புடி, நான் கீழ புடிக்கிறேன். வேற வழி இல்ல."

இது எப்படியோ அம்மா காதுக்கு எட்டிவிட்டது. ராஜவேலைக் கூப்பிட்டனுப்பினாள். காலிப் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"நிக்க வச்சி எறக்காதடா. படுத்துப் போறவங்களுக்கு வழி தெரியாது. நடந்து எறங்கினா படிய எண்ணிக்குவாரு. திரும்பி வந்துருவாரு."

"படுக்க வச்சே எறக்குறேம்மா."

சொல்லிவிட்டு மேலே ஏறினான். சொன்ன பிறகுதான் திருப்பத்தை மறுபடி அளந்தான். நாலாவது முறை. அதே இரண்டடி எட்டு.

மூன்றரைக்கு அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டி, தாடையையும் கால் கட்டைவிரல்களையும் துணியால் கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டினார்கள். உடம்பு விறைத்திருந்தது. தூக்கி நிறுத்தியதும் தானாகவே நிற்பதுபோல் நின்றார். பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தியும் அழவில்லை.

மேஸ்திரி பின்பக்கமாகப் படியிறங்கி, அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டார். ராஜவேல் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைவிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. சோப்பு வாசனை அடித்தது. பிறந்ததிலிருந்து அப்பாவை இப்படிக் கட்டிப்பிடித்தது கிடையாது.

முதல் பீமில் ராஜவேலின் நெற்றி மோதியது. அப்பாவின் தலை மோதவில்லை.

மேஸ்திரி கீழே இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். ஐந்து படி இறங்கித் திருப்பம். அங்கே அடுத்த பீம். இந்த முறை அவன் குனிந்துகொண்டே பார்த்தான். முகத்துக்கு முன்னால் இருந்த பிடரி மெல்ல இறங்கியது; பீம் கடந்தது; பிடரி பழைய இடத்துக்கு வந்தது. அவன் கையில் இருந்த நெஞ்சு அசையவில்லை.

மேஸ்திரி நின்றார்.

"தம்பி, நீ தலையச் சாய்க்கிறியா?"

"இல்ல. நீங்கதான் இழுக்குறீங்கன்னு நெனச்சேன்."

"நான் காலத்தான் புடிச்சிருக்கேன்."

மேஸ்திரியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்பது ராஜவேலுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பிடரி மட்டும்தான். மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்து எறங்குங்க ஐயா. அவசரமில்ல."

அதற்கப்புறம் அவர் ராஜவேலிடம் பேசவில்லை. அப்பாவிடம்தான் பேசினார். திருப்பம் வருது ஐயா, இந்தப் படி கொஞ்சம் ஒசரம் ஐயா, அன்னிக்கே சரிபண்ணியிருக்கணும், கோச்சிக்காதீங்க. ஒவ்வொரு பீமுக்கும் தலை குனிந்தது. இரண்டாவது மாடி வாடகைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

முதல் மாடியில் பீம்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அங்கே பிடரி இறங்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு படிக்கு ஒரு படி, அது நிமிர்ந்துகொண்டே வந்தது. ஆறு வருஷமாகச் சட்டைக் காலருக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த அந்த எலும்பு உள்ளே அமிழ்ந்தது. கடைசிப் படிக்கு வந்தபோது அப்பாவின் தலை ராஜவேலின் கண்ணை மறைத்தது. அவர் தன்னைவிட உயரம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சாவுக்கு எழுந்தது மாதிரி இல்லை. பெரிய மனுஷர் யாரோ உள்ளே வந்ததற்கு எழுந்தது மாதிரி. அன்பழகன் மாமா, பழக்கதோஷத்தில், கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க மாமா" என்று அவர் வாயிலிருந்து பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கினார்.

அம்மா படிக்கட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ராஜவேல் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவள் கையை ஊன்றி எழுந்து, முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு, வழிவிட்டுச் சுவர்ப்பக்கம் நகர்ந்து நின்றது மட்டும் தெரிந்தது.

பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. பாடையில் படுக்கவைத்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மாமா தெருவில் நின்று, காலமானவர் எல்லாரிடமும் பணிவாக இருந்தார் என்று நாலு வார்த்தை பேசினார். ஒரு கணம் நிறுத்தி, பாடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கும்பிட்டு முடித்துக்கொண்டார். அங்கிருந்து சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தவர்களில் மேஸ்திரியும் ஒருவர்.

திரும்பி வந்து குளித்துவிட்டு உள்ளே நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஐஸ் பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாவது மாடி வாடகைக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். உறவுக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டு, இன்றைக்கு ராத்திரி யாரும் மேலே போக வேண்டாம், படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிடுவதுதான் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ முந்திக்கொண்டு, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையெல்லாம் அடுக்கடுக்காகப் படியின் அடியில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு ஆள் நுழைய முடியாது.

"சாவி எங்கம்மா?" என்று ராஜவேல் கேட்டான்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். சுவரில் தடவி, மேல் மாடிப் படிக்கட்டு லைட்டுகள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு முதல் அடுக்கு நாற்காலியை ஒரு பக்கம் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அது நகரவில்லை.

ராஜவேல் போய் மறுபக்கம் பிடித்தான்.